முதல் வரியைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்

2023 ஜூன் 13ஆம் தேதி நீட் ரிசல்ட் வந்தது. எங்கள் வீட்டுக்குள் நெட் சரியாக எடுக்காது. நீலகிரியில் கீழ்கோத்தகிரி ரோட்டில், எங்கள் லைனுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கிற வளைவில் நின்றுதான் பார்த்தேன். இருட்டினால் அந்தப் பக்கம் கரடி இறங்கும் என்பதால் தம்பி டார்ச் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். எனக்கு அது இரண்டாவது முயற்சி. முதல் தடவையை விட மார்க் கூடியிருந்தது, ஆனால் போன வருஷக் கட்-ஆஃபை வைத்துப் பார்த்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில்கூட சீட் கிடைக்காது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. "என்னாச்சுக்கா" என்றான். "பரவால்லடா, வா போலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அந்தப் "பரவால்ல"வை அடுத்த ஒரு மாதம் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தாத்தா இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்தவர். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் தேயிலைத் தோட்டத்தில்தான் இருக்கிறது. அம்மா கொழுந்து பறிக்கிறாள். அப்பா ஃபேக்டரியில் லோடு வேலை. கோயம்புத்தூரில் கோச்சிங் சேர்வதற்கு அம்மாவின் செயினை அடகு வைத்தோம். நான் பிளஸ் டூ முடித்த நாளிலிருந்து லைனில் எல்லாரும் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள், பாசமாகத்தான். ரிசல்ட் வந்த பிறகும் சிலர் பழக்கத்தில் அப்படியே கூப்பிட்டார்கள். யாரையும் நிறுத்தச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

நான் அழவில்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று இப்போது நினைக்கிறேன். தூக்கம் போனது. குளிப்பது பெரிய வேலையாக ஆனது. சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. பத்துப் பதினைந்து நாளில் ராத்திரி ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது: நான் ஒருத்தி இல்லாவிட்டால் இவர்களுக்குச் செலவு மிச்சம், தம்பியாவது படிப்பான், செயினை மீட்டுவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு அவ்வளவு சரியாகத் தெரியும். இதைப் படிக்கிற யாருக்காவது இப்போது அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், முழுதும் படித்து முடிக்க வேண்டாம், அரசின் இலவச மனநல உதவி எண் 14416க்குப் போன் போடுங்கள், மிச்சத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு தப்பு. எனக்கு அதைப் போட்டுக் கொடுத்தது என் புத்தி இல்லை, நோய். அது நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பார்கள். லைன் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். வரிசையாக எட்டு வீடு, நடுவில் ஒரு சுவர்தான். நாங்கள் இருமினால் அடுத்த வீட்டு அத்தை தண்ணீர் வேணுமா என்று கேட்பார். சரி, வெளியே போய்ப் பேசலாம் என்றால், சாயங்காலம் ஒரு பெண் வளைவில் நின்று அரை மணி நேரம் போன் பேசினால் அடுத்த நாள் காலையில் இலை நிறுக்கிற இடத்தில் அது வேறு கதையாகிவிடும். அம்மா காது வரைக்கும் போய்விடும். என்னால் வாயைத் திறக்கவே முடியவில்லை. அதனால்தான் தட்டச்சு செய்தேன்.

முதலில் கிடைத்தது எதுவும் நல்லதாக இல்லை. தமிழில் "மனசு சரியில்லை", "வாழப் பிடிக்கவில்லை" என்று தேடினால் வந்த வீடியோக்களில் ஒன்று கிரகம் சரியில்லை என்றது, இன்னொன்றில் ஒருவர் மேடையில் நின்று "எழுந்திரு, ஓடு" என்று கத்தினார். எழுந்திருக்கவே முடியாதவளிடம் அப்படிக் கத்தினால் இன்னும் கூனிக்குறுகத்தான் தோன்றும். பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் என்ன நோய் என்று சொல்லும் ஒரு பக்கம் எனக்கு மூன்று நோய் இருக்கிறது என்று சொன்னது. இன்ஸ்டாகிராமில் ஒருவர் "கவுன்சிலிங் தருகிறேன்" என்று சொல்லி, முதலில் 999 ரூபாய் அனுப்பு, அப்புறம் உன் போட்டோ அனுப்பு என்றார். பணம் இல்லாததால் தப்பித்தேன். சோக வீடியோக்களை மூன்று நாள் விடாமல் பார்த்ததில் போனைத் திறந்தாலே அழுகையும் சாவும் மட்டும்தான் வந்து நின்றன. உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று நம்பினேன். போன்தான் எனக்கு அதையே எடுத்து எடுத்து நீட்டுகிறது என்பது பிறகு தம்பி சொல்லித்தான் புரிந்தது. பார்த்த வரலாற்றை அழித்து, வருகிற ஒவ்வொன்றிலும் "ஆர்வமில்லை" என்பதை அவன்தான் உட்கார்ந்து அழுத்தினான். நாலைந்து நாளில் சமையலும் யானையும் வர ஆரம்பித்தன. சின்ன விஷயம்தான், ஆனால் ராத்திரி எனக்கு அது பெரிய உதவி.

சென்னையில் ஸ்நேகா என்று தற்கொலையைத் தடுக்க உதவும் ஒரு அமைப்பு இருக்கிறது, 1986இல் தொடங்கியது. அங்கே பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். நம்மைப் பற்றிய விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், பணம் கேட்க மாட்டார்கள். போன் எண் 044-24640050. மின்னஞ்சலிலும் எழுதலாம் என்று பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பேச வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்காது. போர்வைக்குள் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினேன், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, புள்ளி கமா எதுவும் இல்லாமல். அன்று ராத்திரி நெட் இல்லாததால் அது போகாமல் நின்றது. காலையில் தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் மேலே ஏறினேன், வளைவில் சிக்னல் வந்ததும் அதுவாகவே போய்விட்டது. நின்று யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. அதில் அறிவுரையே இல்லை. நான் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பது மட்டும் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. செயின் விஷயத்தைக்கூடக் கேட்டிருந்தார்கள். இன்னும் எழுதுங்கள், முடிந்தால் ஒரு தடவை பேசுங்கள் என்று இருந்தது. அந்த மெயிலை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை.

பேசுவதற்கு இடம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை இல்லை, கொழுந்து நிறுக்கிற ஷெட் காலியாக இருக்கும், அங்கே நெட் கிடைக்காவிட்டாலும் இரண்டு புள்ளி சிக்னல் கிடைக்கும். அம்மாவும் அப்பாவும் கோத்தகிரிக்குச் சாமான் வாங்கப் போன பிறகு அங்கே போனேன். அரசு நடத்துகிற டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் 10ஆம் தேதி நாடு முழுக்கத் தொடங்கினார்கள், தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். முக்கியமாக, அதற்கு நெட் தேவையில்லை, பட்டன் போனிலிருந்தும் போகும். மலையில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ஐப்பசி மழையில் மண் சரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது ஆப் எதுவும் வேலை செய்யாது. எண்ணைத் தாளில் எழுதி வைத்திருந்தால் யார் போனிலிருந்தாவது கூப்பிடலாம்.

நான் எண்ணோடு சேர்த்து முதல் வரியையும் எழுதி வைத்திருந்தேன். ரேஷன் ரசீதின் பின்பக்கம். "எனக்கு ஒரு மாசமா தூக்கம் இல்லை. உயிரோட இருக்கப் பிடிக்கலை. இதை யார்கிட்டயும் சொன்னதில்லை." எதிர்முனையில் வணக்கம் சொன்னதும் தொண்டை அடைத்துக்கொண்டது. தாளைப் பார்த்து அப்படியே வாசித்தேன், பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி. மூன்று நிமிஷத்தில் சிக்னல் போய்விட்டது. கையில் அந்தத் தாள் இல்லாவிட்டால் திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டேன், உண்மையாகவே. இரண்டாவது தடவை வேறு ஒருவர் எடுத்தார், மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இந்த முறை "மேடம், இங்க சிக்னல் கட் ஆகும், கட் ஆனா நானே கூப்பிடுவேன்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். யாருக்குப் போன் செய்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பாதியில் நின்றால் அவர்களுக்கும் பதற்றம், நமக்கும் "அவங்களே வச்சுட்டாங்க" என்ற எண்ணம் வரும்.

அவர் நேராகக் கேட்டார்: "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" அந்த வார்த்தையை ஒரு மாதமாக நான் மட்டும் சுமந்துகொண்டிருந்தேன். இன்னொருவர் வாயிலிருந்து அது சாதாரணமாக வந்ததும் அப்போதுதான் அழுதேன். இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது. கேட்கிறவர் முகம் சுளிக்காமல் கேட்டால் இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பிறகு அவர் கேட்டதெல்லாம் அன்று ராத்திரியைப் பற்றித்தான். பக்கத்தில் யார் படுப்பார்கள், ஆபத்தான பொருள் எதுவும் என் கைக்கு எட்டாமல் யார் எடுத்து வைப்பார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கணக்கு ஓடினால் யாரை எழுப்புவேன். வாழ்க்கை, லட்சியம் என்று ஒன்றும் பேசவில்லை. யாராவது ஒருவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்ல முடியுமா என்றார். அரவேனுவில் இருக்கிற சித்தியைச் சொன்னேன்.

சித்திக்கு வாட்ஸ்அப்பில் அதே மூன்று வரியை அனுப்பினேன், தாளைப் போட்டோ எடுத்து. சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டார். அம்மாவிடம் "இவ நாலு நாள் எங்கூட இருக்கட்டும்க்கா, புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தரட்டும்" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒன்றுமே கேட்கவில்லை. ஜன்னல் ஓரம் உட்காரச் சொல்லி, ஸ்வெட்டரைப் போர்த்திவிட்டார்.

14416இல் பேசுகிறவர்களே தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், இல்லாவிட்டால் நம் மாவட்டத்தில் எங்கே போவது என்று சொல்வார்கள். எல்லா மாவட்டத்திலும் அரசின் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சித்தியோடு கட்டபெட்டு வழியாக ஊட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. சீட்டு வாங்கும்போது தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வயிற்றில் புளி கரைத்தது. தெரிந்தவர் ஒருவர் பார்க்கவும் செய்தார். அவரும் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார், இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நீயாக நிறுத்தாதே என்று இரண்டு தடவை சொன்னார். அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை, வயிறு மட்டும் குமட்டியது. தூக்கம்தான் முதலில் திரும்பி வந்தது.

அம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். இலை பறித்துவிட்டு வந்து ஈரச் சாக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "செயினை அடகுக் கடையில மீட்டுக்கலாம், உன்னை எந்தக் கடையில போயி மீட்குறது" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மாத்திரை வாங்கப் போனோம்.

இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறேன், சாயங்காலம் லைன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் என்னிடம் வந்து சொல்கிற பிரச்சினைகளில் பாதி என் பிரச்சினை மாதிரியே இல்லை. போன வருஷம் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, யார் என்று சொல்ல மாட்டேன், நடுங்கிக்கொண்டே வந்தாள். ஆன்லைனில் பழகிய ஒருவன் அவள் படத்தை வைத்துக்கொண்டு பணம் அனுப்பு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று மிரட்டினான். பயத்தில் எல்லாச் சாட் மெசேஜையும் அழிக்கப் போனாள். நான் முதலில் செய்தது அதைத் தடுத்ததுதான். அவன் எண், பெயர், மிரட்டின வரிகள், பணம் கேட்ட கியூஆர், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம், அதற்குப் பிறகுதான் பிளாக் செய்தோம். பணம் ஒரு ரூபாய்கூட அனுப்பவில்லை. ஒரு தடவை கொடுத்தால் நிறுத்த மாட்டார்கள், மறுபடி கேட்பார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் 1098க்குப் போன் செய்தோம், குழந்தைகளுக்கான எண், எந்த நேரமும் எடுப்பார்கள். பணம் கேட்டு மிரட்டும் ஆன்லைன் மோசடிக்கு 1930 இருக்கிறது, சைபர் கிரைம் போர்ட்டலிலும் புகார் பதியலாம், பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதென்றால் பெயர் சொல்லாமல் பதியும் வசதியும் அதில் உண்டு. அப்புறம் டேக் இட் டவுன் என்று ஒரு இணையதளம். பதினெட்டு வயது ஆகும் முன் எடுத்த படம் என்றால் இதைப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. நம் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகும், அந்த எண் மட்டும்தான் போகும், திட்டத்தில் சேர்ந்திருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதை வைத்து அந்தப் படம் வந்தால் கண்டுபிடித்து எடுக்கும். பெரியவர்களுக்கு இதே மாதிரி ஸ்டாப் என்சிஐஐ. வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய உரையாடலுக்குள் இது எட்டாது, அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொல்லும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அதுதான் போலீஸை விடப் பயமாக இருந்தது. அம்மா ஒரு அடி கொடுத்தார், பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அடித்திருக்க வேண்டாம். படத்தை வைத்து மிரட்டியவன்தான் குற்றவாளி, இதைப் பெற்றோரிடம் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே நாம் யாராவது சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டுக்கே ஒரு போன் என்று இருக்கிற இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தேடினது, பார்த்தது, கூப்பிட்டது எல்லாம் அதில் நிற்கும். மறைநிலை டேபில் தேடலாம், யூடியூபில் அன்றைய வரலாற்றை அழிக்கலாம், கூப்பிட்ட எண்ணை எடுத்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே ஒருவரால் தொல்லை என்றால் இது இன்னும் முக்கியம். உதவி எண்களில் பேசுவது ரகசியமாக இருக்கும், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை என்றால் அங்கே பேசுகிறவர்கள் மற்றவர்களையும் உதவிக்குக் கூப்பிடுவார்கள். தற்கொலைக்கு முயன்றால் ஜெயில் என்று இன்னும் பலர் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

இப்போது பிள்ளைகள் ராத்திரியில் ஏ.ஐ.யிடம் பேசுகிறார்கள். நான் திட்டுவதில்லை, எனக்கும் அன்றைக்குச் சுவருக்குக் கேட்காத ஒன்றுதானே வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு நம் லைன் தெரியாது, அரவேனுவிலிருந்து பஸ் ஏறி வராது. அதில் தட்டினதையே அப்படியே ஒரு மனுஷரிடம் வாசித்துக் காட்டு, என்னிடம் முடியாவிட்டால் 14416இல் என்று சொல்கிறேன். இரண்டு பிள்ளைகள் செய்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளின் கணக்கு நோட்டிலும் கடைசி அட்டையில் எண்களை எழுதச் சொல்லியிருக்கிறேன்: 14416, 1098, 1930, பள்ளிக்கூடப் பிரச்சினைக்கு 14417, பரீட்சை ரிசல்ட் நேரத்தில் 104. போன வாரம் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் எல்லாரும் போன பிறகும் பையை மாட்டாமல் நின்றான். அட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, இதுல போன் போட்டா மொதல்ல என்னன்னு சொல்லணும்?" என்றான். யாருக்குடா என்று நான் கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்தேன். அவன் எண்களுக்குக் கீழே யோசித்து யோசித்து எழுதினான், நான் அடுப்பில் டீ வைத்தேன்.